தலையில் அடி: 'ஒண்ணும் ஆகலை' என்று வீட்டுக்குப் போவதற்கு முன்…

விபத்தில் எழுந்து நின்று பேசுபவருக்கும் மூளைக்காயம் இருக்கலாம். முதல் சில மணி நேரத்தில் என்ன கவனிக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும், செலவை யார் ஏற்பார்கள், வேலைக்குத் திரும்புவது எப்போது? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மக்களுக்கான முழு வழிகாட்டி.

மாலை ஆறு மணி. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்ட் முடிகிற நேரம். கம்பெனி வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், பைக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு வருகின்றன. கணவர் பைக் ஓட்ட, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறார் ஒரு தையல் பிரிவுத் தொழிலாளி. கணவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, மனைவி தலையில் இல்லை. குறுக்கே நாய் ஒன்று வர, பிரேக் பிடித்ததும் பைக் சறுக்குகிறது. அவர் கீழே விழுந்து, பின்தலை தார் ரோட்டில் மோதுகிறது.

ஒரு நிமிடம் கண் சொருகுகிறது. டீக்கடைக்காரர் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். அவர் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணும் இல்லண்ணா, லேசா அடி" என்கிறார். கூட்டம் கலைகிறது. வீட்டுக்குப் போய் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறார். இரவு பதினோரு மணிக்கு வாந்தி எடுக்கிறார். பேச்சு குழறுகிறது. எழுப்பினால் கண் திறக்க மாட்டேன் என்கிறார்.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை இல்லை. ஆனால் நம்ம பக்கத்தில் இது நடக்காத ஊர் இருக்காது. அந்த ஆறு மணிக்கும் பதினோரு மணிக்கும் இடையில் மண்டைக்குள் என்ன நடந்தது என்பது தெரிந்திருந்தால், ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

பெரியவர்களின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். மிகவும் மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. டிபன் பாக்ஸில் கட்டித் தயிரை வைத்து வேகமாகக் குலுக்கினால் என்ன ஆகும்? பாக்ஸில் ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே தயிர் உடைந்திருக்கும். தலை வேகமாகப் போய் திடீரென நிற்கும்போது மூளைக்கும் இதே கதிதான். அதனால்தான் ரத்தம் வராத அடியிலும், மண்டை உடையாத அடியிலும் மூளைக்காயம் ஏற்படலாம்.

இரண்டாவது ஆபத்து, ரத்தக்கசிவு. மண்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அடியில் அதில் ஒன்று கிழிந்தால், மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் தேங்க ஆரம்பிக்கும். மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. வயிறு மாதிரி உப்பாது, கால் மாதிரி வீங்காது. ரத்தம் சேரச் சேர உள்ளே அழுத்தம் கூடி, மூளை நசுங்குகிறது.

ரத்தம் தேங்கி அழுத்தம் உயர நேரம் ஆகும் என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். அடிபட்டவுடன் மயங்கி, பிறகு தெளிந்து, நன்றாகப் பேசி, சில மணி நேரம் கழித்து மறுபடியும் மயக்கத்துக்குப் போகலாம். நடுவில் வரும் இந்தத் 'தெளிவான இடைவெளி'தான் "ஒண்ணும் ஆகலை" என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு மிகவும் ஏற்ற நேரமும் அதுவே. அப்போதே கண்டுபிடித்து தேங்கிய ரத்தத்தை வெளியேற்றினால், பலர் முழுமையாகக் குணமாக முடியும்.

வயதானவர்களுக்கு இந்த இடைவெளி மணிக்கணக்கில் இல்லாமல் வாரக்கணக்கில்கூட இருக்கலாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டி, மூன்று வாரம் கழித்து நடை தடுமாறி, பேச்சு குழம்பினால் "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். மெதுவாகச் சேர்ந்த ரத்தக்கட்டாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் தலையில் லேசான அடி பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எப்படி அளக்கிறார்கள்?

அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார். கண்ணைத் திறக்கிறாரா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா? இதற்கு மதிப்பெண் போடும் முறைதான் கிளாஸ்கோ கோமா அளவுகோல். 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் உருவாக்கியது. முழு மதிப்பெண் 15, குறைந்தபட்சம் 3. பொதுவாக 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம்.

15 மதிப்பெண் வாங்கியவரையும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். "நல்லாத்தானே பேசுறாரு, எதுக்கு சார் உட்கார வைக்கிறீங்க?" என்று சண்டை போட்டு, கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகும் உறவினர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மதிப்பெண் குறைகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கவே கூடாது

தலையில் அடிபட்ட பிறகு கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

• சில விநாடிகளே ஆனாலும் நினைவு தப்பியது
• திரும்பத் திரும்ப வாந்தி
• நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி
• எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம்
• பேச்சு குழறுவது, குழப்பம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது
• விபத்து எப்படி நடந்தது என்று நினைவில்லாமல் போவது
• வலிப்பு
• மூக்கு அல்லது காதிலிருந்து ரத்தமோ, தண்ணீர் போன்ற திரவமோ வருவது
• ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருப்பது
• ஒரு பக்கக் கை அல்லது கால் பலவீனமாவது, மரத்துப்போவது
• கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ ரத்தம் கட்டிக் கருப்பது

கைக்குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. தூளியிலிருந்தோ மாடிப்படியிலோ விழுந்த குழந்தை ஓயாமல் அழுதாலும், பால் குடிக்க மறுத்தாலும், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலும், உச்சிக்குழி உப்பியிருந்தாலும் உடனே கொண்டுபோங்கள்.

'தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது' என்று சொல்வார்கள். டாக்டர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தூங்கலாம். அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, பெயர், ஊர் கேட்டு, தெளிவாகப் பதில் வருகிறதா என்று பாருங்கள். டாக்டரிடமே காட்டாமல் 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று படுக்க வைப்பதுதான் ஆபத்து.

சம்பவ இடத்தில் செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் பாதுகாப்பு. நெடுஞ்சாலையில் என்றால், பின்னால் வரும் வண்டிகளை யாராவது ஒருவர் எச்சரித்து நிறுத்தட்டும்.

2. 108-ஐ அழையுங்கள். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் (பழைய எண் 46, இப்போது 48) என்றால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணும் உண்டு. ஆம்பூர் பக்கம் என்று மட்டும் சொன்னால் போதாது. சென்னை போகும் பக்கமா, பெங்களூரு போகும் பக்கமா, மேம்பாலத்தின் மேலா, கீழே சர்வீஸ் ரோட்டிலா, அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்துக்குப் போன ஆம்புலன்ஸ் சுற்றி வர வேண்டியிருக்கும்.

3. கழுத்தை அசைக்காதீர்கள். தலையில் அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். வாந்தி எடுத்தால், தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களித்துத் திருப்புங்கள்.

4. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மண்டை உள்ளே அமுங்கியது போலத் தெரிந்தால், அந்த இடத்தில் அழுத்தாமல் துணியை மேலே லேசாக வைத்தால் போதும்.

5. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், எவ்வளவு நேரம் நினைவில்லை, எப்போது வாந்தி எடுத்தார்? டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகள் இவை.

செய்யவே கூடாதவை

சோடா, தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். அறுவை சிகிச்சைக்கும் தடையாகும். காயத்தில் காபித்தூள், மஞ்சள்தூள் வைக்காதீர்கள். காதில் ரத்தம் வந்தால் பஞ்சு அடைக்காதீர்கள். தூக்கி உட்கார வைத்து உலுக்காதீர்கள். ஷேர் ஆட்டோவில் மடக்கிப் படுக்க வைத்து ஓடாதீர்கள்.

ஹெல்மெட் போட்டிருந்தால், மூச்சு விடச் சிரமப்படாதவரை அதைக் கழற்ற வேண்டாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுப்பதாலும் செருப்பை முகர வைப்பதாலும் வலிப்பு நிற்காது. பல்லுக்கு நடுவில் ஸ்பூன் சொருகினால் பல் உடையும், மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உள்ள கூர்மையான பொருட்களை அகற்றினால் போதும்.

'கேஸ் ஆகுமோ?' என்று பயப்பட வேண்டாம்

விபத்தில் சிக்கியவரைத் தொட பலர் தயங்குவதற்குக் காரணம், போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்துக்குச் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது அதற்காக சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. உயிர் காக்க உதவியவருக்கு மத்திய அரசு 2021 முதல் பரிசுத்தொகையும் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அது, 2025-ல் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

'முதலில் போலீஸ் வரட்டும்' என்று ஆஸ்பத்திரி சொல்லலாமா? சொல்லக் கூடாது. சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திருக்காமல் உயிரைக் காப்பாற்றுவதே டாக்டரின் முதல் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

செலவை யார் ஏற்பார்கள்?

'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்த யாருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தொடங்கியபோது, பட்டியலிட்ட 81 சிகிச்சை முறைகளுக்கு ஒரு நபருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர், எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. பெங்களூரிலிருந்து வந்த லாரி டிரைவருக்கும், டேனரியில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கும்.

48 மணி நேரம் முடிந்த பிறகு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதில் தொடரலாம். அட்டை இல்லாதவர்கள், உடல்நிலை சீரானதும் அரசு மருத்துவமனைக்கு மாறி இலவசமாகச் சிகிச்சை பெறலாம். தனியார் மருத்துவமனையிலேயே இருக்க விரும்பினால், அதற்குப் பிறகான செலவு குடும்பத்துடையது. மூளைக்காயத்துக்கு நாள்கணக்கில் தீவிர சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், இந்த முடிவை இரண்டாம் நாளிலேயே யோசித்துவிடுங்கள்.

காப்பீட்டு அட்டை இன்னும் வாங்கவில்லையா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். விபத்துக்குப் பிறகு அலைவதைவிட இப்போது ஒரு நாள் ஒதுக்குவது எளிது.

கம்பெனிக்குள்ளும், போகிற வழியிலும்

தலைக்காயம் என்றால் ரோடு மட்டும் இல்லை. டேனரியில் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். தோலின் கொழுப்பும் ரசாயனமும் கலந்த வழுக்கல் அது. சுழலும் டிரம்கள், உயரமான மேடைகள், ஃபோர்க்லிஃப்ட், மேலிருந்து இறக்கும் பேல்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. வழுக்கி விழுந்து பின்தலை மோதினால், அதுவும் விபத்துதான். எழுந்து வேலையைத் தொடர்ந்தாலும் சூப்பர்வைசரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் தலைசுற்றல் வந்தால், அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். வேலை சம்பந்தமான விபத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவுக்குப் பணப்பலன் உண்டு. இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் பொருந்தும். நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டால், மருத்துவக் குழுவின் மதிப்பீட்டின்படி மாதாந்திரப் பலனும் உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலை சம்பந்தமான விபத்தாகவே கருதப்படும். 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் செய்த திருத்தம் இதைத் தந்தது. நாம் ஆரம்பத்தில் பார்த்த தையல் பிரிவுத் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டு. அதனால் விபத்து நடந்ததைக் கம்பெனியிடம் உடனே தெரிவிப்பது முக்கியம்.

உயிர் பிழைத்தது பாதி, திரும்பி வருவது மீதி

இந்த இடத்தில் நம்ம ஊருக்கே சொந்தமான இரண்டு பேரை நினைத்துப் பார்க்கலாம். கனடாவின் மான்ட்ரியாலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். தலைக்காயத்துக்கு நம் நாட்டில் தனித் துறை என்று ஒன்று அமைந்ததே வேலூரில்தான்.

அதே கல்லூரியில் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். அவருக்கு ஏற்பட்டது முதுகுத்தண்டுக் காயம். இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். அவர் முயற்சியால் 1966-ல் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சாண்டி தொடங்கியது உயிரைக் காப்பாற்றும் வேலை. மேரி வர்கீஸ் தொடங்கியது, பிழைத்தவரை மறுபடியும் வாழ வைக்கும் வேலை. தலைக்காயத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம். தையல் பிரித்தாச்சு, தலையில் முடி வளர்ந்தாச்சு, ஆள் நல்லாத்தான் இருக்கார் என்று முடித்துவிடுகிறோம்.

ஆனால் உள்ளே? சொன்னது மறந்துபோகும். சின்ன சத்தம்கூட எரிச்சலூட்டும். அமைதியான மனிதர் சாப்பாட்டுத் தட்டை வீசி எறிவார். சுறுசுறுப்பாக இருந்தவர் மதியமே களைத்துப் படுப்பார். "அடிபட்டதுக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு" என்று வீட்டில் அழுவார்கள். சோம்பேறி என்று சொல்வார்கள். சில இடங்களில் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

இது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை. கோபத்தை அடக்குவது, திட்டமிடுவது, நினைவில் வைப்பது எல்லாம் மூளையின் வேலைகள். அந்தப் பகுதிகளில் அடிபட்டதால் வரும் மாற்றம் இது. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாத லேசான காயத்திலும் தலைவலி, தலைசுற்றல், மறதி சில வாரங்கள் இருக்கலாம். பெரும்பாலானோருக்கு ஓய்வில் படிப்படியாகச் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மறுபடியும் டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் போனில் அலாரம் வையுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். மது அறவே கூடாது. வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கவனித்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாகவோ அம்மாவாகவோ இருப்பார். அவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

நடக்க முடியாமல் படுக்கையில் இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் செவிலியர் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும்.

வேலைக்கு எப்போது திரும்பலாம்?

பொறுப்பில்லாமல் வீட்டில் இருக்கிறோமே என்று அவசரப்பட்டு மிஷின் முன்னால் போய் உட்காராதீர்கள். கவனம் சிதறினால் கை போகும் மிஷின்கள் தோல் தொழிலில் பல உண்டு. தலைசுற்றலும் வலிப்பும் உள்ளவர் உயர மேடையிலோ, சுழலும் டிரம் பக்கத்திலோ, ஃபோர்க்லிஃப்டிலோ வேலை செய்யக் கூடாது. பைக் ஓட்டுவதையும் டாக்டர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். முதலில் பாதி நாள், உட்கார்ந்து செய்யும் வேலை, பிறகு முழு நாள் என்று படிப்படியாகத் திரும்ப, டாக்டரிடம் எழுதி வாங்கி மேலாளரிடம் கொடுக்கலாம்.

தலைக்காயத்துக்குப் பிறகு சிலருக்கு வாசனை தெரியாமல் போகும். மற்ற இடங்களில் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். டேனரியின் கழிவுத் தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு. உயிரைப் பறிக்கும் வாயு அது. அதன் முதல் எச்சரிக்கையே தெரியாதவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. வீட்டில் கேஸ் கசிவும் தெரியாது. வாசனை தெரியவில்லை என்றால் டாக்டரிடமும் சூப்பர்வைசரிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பாதிப்பு நிரந்தரமானால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடமாட்டக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு உள்பட 21 வகைகளை ஏற்கிறது. மருத்துவ மதிப்பீட்டுக்குப் பிறகு தனித்துவ அடையாள அட்டை கிடைக்கும்.

சாலை விபத்து இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆகவே எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், பில்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் இழப்பீடு உண்டு. பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

பின்சீட்டுக்கும் ஒரு ஹெல்மெட்

2022-ல் ஹெல்மெட் போடாமல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஹெல்மெட் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும், மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

சட்டப்படி பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும், 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தையும் போட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். வாரைத் தாடைக்குக் கீழே மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் பறந்துவிடும். ஒரு முறை பலமாக மோதிய ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். புடவை, துப்பட்டா முனைகளைச் சக்கரத்தில் சிக்காதபடி முடிந்துகொள்ளுங்கள். "பூ கசங்கும், முடி கலையும்" என்ற தயக்கம் புரிகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு கம்பெனி வாசலில் பூ வைத்துக்கொள்ளலாம்.

இப்போதே உங்கள் போனில்

• அவசர மருத்துவத் தகவல் பகுதியில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு உறவினர் எண்கள். போன் லாக்கில் இருந்தாலும் மற்றவர்கள் பார்க்கும்படி வையுங்கள்.
• காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ. அட்டையின் படம்.
• சேமிக்க வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033, மருத்துவ ஆலோசனை 104, மனநல ஆலோசனை 14416, இலவச சட்ட உதவி 15100.
• விபத்தைப் பார்த்தால் வீடியோ எடுப்பதற்கு முன் 108. அடிபட்டவரின் முகத்தைக் குரூப்பில் போடாதீர்கள், இடத்தின் லொகேஷனை அவர் வீட்டாருக்கு அனுப்புங்கள்.

இனி ஒரு மாலை ஆறு மணிக்கு, ரோட்டோரம் யாராவது எழுந்து நின்று புடவையையோ லுங்கியையோ சரிசெய்துகொண்டு "ஒண்ணும் இல்லண்ணா" என்று சொன்னால், "சரிம்மா, இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போலாம் வா" என்று சொல்லுங்கள்.